கீழக்குளத்தில் இருபது நிமிடம்

நவம்பர் 27

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. கடையின் சரக்குக் கிட்டங்கியில் ஈரம் ஏறிப்போன நாற்பது மூட்டை மிளகாய் வத்தலை இன்று வெயிலில் கொட்டிப் பரப்பினோம். தெருவே தும்மியது. எதிர்வீட்டு டாக்டரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, எனக்கு நோயாளி வேணும்னு யாரு கேட்டா?" என்றார்.

மழை கெடுத்தது வத்தலை மட்டுமல்ல, கால்பந்துப் போட்டியையும்தான். என் பெயரில் ஒன்பது வருடமாக நடக்கும் கல்லூரிகளுக்கான கோப்பை அது. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. கல்லூரிக்குள் முதன்முதலில் கால் வைத்தது விடுதிச் சமையல்கூடத்தில் மூட்டை இறக்கத்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் மார்க்கெட் விடுமுறை நாட்களில் சுமைகாரப் பையன்கள் நாங்கள் ரயில்வே மைதானத்தில் வெறுங்காலோடு ஆடுவோம். அந்த ஆசைதான் கோப்பையாகி நிற்கிறது.

பன்னிரண்டு கல்லூரிகள். ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடும் ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. மழையில் ஆளுக்கு ஏழு ஆட்டம்தான் முடிந்தது. யார் யாரோடு ஆடினார்கள் என்பதில் ஒரு ஒழுங்கும் இல்லை. இதிலிருந்து நான்கு அணிகளை இறுதிச் சுற்றுக்குப் பொறுக்க வேண்டும். பொறுக்குகிற மூவரில் நான் ஒருவன்.

நவம்பர் 28

நாற்பதில் ஆறு மூட்டை தேறாது. மற்றபடி நல்ல வெயில்.

நவம்பர் 29

தேர்வுக் குழு கூடியது. விளையாட்டுக் கழகத்தின் தகரக் கொட்டகை, டீ, காராச்சேவு. போட்டிச் செயலாளர் சங்கரபாண்டி, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஞானசிகாமணி சார், நான்.

மூன்று இடத்துக்குச் சண்டை இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. நாலாவது இடத்துக்கு இரண்டு மணி நேரம்.

ஒரு பக்கம் கீழக்குளம் அரசு கலைக் கல்லூரி. ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி. இன்னொரு பக்கம் கலைமகுடம் பொறியியல் கல்லூரி. ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி. இந்த வருடம் இறுதிச் சுற்று நடக்கப்போவதே கலைமகுடத்தின் மைதானத்தில்தான்.

"ஏழு ஆட்டம், ஏழு ஜெயம். இதுக்கு மேல ஒரு டீமு என்னய்யா செய்யணும்? எட்டாவதா மேகத்துல ஏறி ஆடணுமா?" என்றார் ஞானசிகாமணி சார்.

"யாருகிட்ட ஜெயிச்சாகன்னு பாருங்க சார். ஏழுல அஞ்சு பேரு கடைசி அஞ்சு எடத்துல இருக்கவுக. கலைமகுடம் தோத்தது ரெண்டும் இப்ப மொத ரெண்டு எடத்துக்கு நாம எடுத்தவுககிட்ட. அதுவும் ஒத்தக் கோல்ல" என்றான் சங்கரபாண்டி.

"பலசாலிகிட்ட தோத்தா கௌரவம், நோஞ்சான்கிட்ட ஜெயிச்சா கேவலம். நல்லாருக்குய்யா ஒன் ஞாயம். அட்டவணை போட்டது அந்தப் பசங்களா?"

"மழை போட்டுச்சு சார்."

பிறகுதான் காளிராசு பேச்சு வந்தது. கீழக்குளத்தின் முன்னணி ஆட்டக்காரன். அவர்கள் போட்ட பத்தொன்பது கோலில் பதின்மூன்று அவன் காலிலிருந்து வந்தது. கடைசி ஆட்டத்தில் அந்தக் கால் முறிந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

தேர்வு விதிகளில் மூன்றாவது, 'அணியின் தற்போதைய நிலை.' அதைச் சேர்க்கச் சொன்னவனே நான்தான். போன மாதம் நன்றாக இருந்தது என்பதற்காக இந்த மாதம் நமுத்த வத்தலை வாங்குவோமா என்று கேட்டேன், எல்லோரும் சிரித்து ஒப்புக்கொண்டார்கள்.

"காளிராசு இல்லாம அவுக எப்படி ஆடுறாகன்னு பாக்காம நாம எப்படிச் சொல்றது? நான் நேர்ல போயி ஒரு பார்வை பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"போங்க. வத்தலப் பாக்கிற கண்ணு பந்தையும் பாக்கட்டும்" என்றார் ஞானசிகாமணி சார். அவர் ஓட்டு கீழக்குளத்துக்கு. சங்கரபாண்டி ஓட்டு கலைமகுடத்துக்கு. ஊர்க்காரன் ஆடாத மைதானத்துக்குக் கூட்டம் வராது என்பது அவன் கவலை. ஆக, முடிவு என் கையில்.

நவம்பர் 30

கலைமகுடம் கல்லூரியின் தாளாளர் நவநீதன் கடைக்கு வந்தார். வத்தல் நெடியில் கண் கலங்க, சாக்குக் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நாற்காலி போடச் சொன்னதற்கு, "உழைக்கிற எடம்யா இது, இங்க ஒக்காந்தா எனக்குப் பெருமை" என்றார். படித்தவர்கள் என்னை 'அண்ணாச்சி' என்பார்கள். இவர் வார்த்தைக்கு வார்த்தை 'ஐயா.'

மைதானத்தில் புதிதாகப் பார்வையாளர் மாடம் கட்டியிருக்கிறார்களாம். பெயர்தான் இன்னும் வைக்கவில்லையாம்.

"பெரிய மனுசங்க பேரு ஊரு பூரா இருக்கு. வேர்வை சிந்துன ஒருத்தரு பேரு வைக்கணும்னு ஆசைய்யா. ஒங்க அப்பா பேரு என்ன?"

"சிவனணைஞ்சான்."

"கம்பீரமான பேரு" என்றார்.

என் அப்பா இருபத்தெட்டு வருடம் இந்தத் தெருவில் மூட்டை சுமந்தார். அவர் பெயர் ரேஷன் கார்டிலும் மரணச் சான்றிதழிலும் தவிர வேறு எங்கும் எழுதப்பட்டதில்லை.

ஆட்டத்தைப் பற்றி நவநீதன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இங்கே குறித்து வைக்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 1

ராசகனியிடம் மாடத்துப் பெயர் விஷயம் சொன்னேன். என் மனைவிக்குச் சந்தோஷம் வர நேரமாகும், சந்தேகம் உடனே வரும்.

"மாடம் எப்பக் கட்டி முடிச்சாக?"

"ரெண்டு மாசமாச்சாம்."

"அப்ப போன மாசம் ஏன் வரல? சிமிண்டு காயலையாக்கும்?"

"ஒனக்கு ஒன் மாமனார் பேரு கல்லுல வர்றது பிடிக்கலையா?"

"எனக்கா? எனக்குப் பிடிக்கும். கல்லு எந்த வண்டியில வருதுன்னு கேட்டேன், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

டிசம்பர் 2

சனிக்கிழமை. கோவில்பட்டி போகும் வழியில் கீழக்குளம் கல்லூரி மைதானத்தின் ஓரம் காரை நிறுத்தினேன். சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்லிவிட்டுப் போனால் சரக்கை அலங்காரம் பண்ணி வைப்பார்கள்.

பார்த்தேன். பந்தை நேராக அடிக்கத் தெரியவில்லை. இரண்டு பேர் வெறுங்கால். ஒருவன் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். கோல்கீப்பர் குள்ளமாக, நல்ல தொந்தியோடு. இருபது நிமிடத்தில் அவனைத் தாண்டி நாலு கோல். ஒரு கோல் போகும்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். காளிராசு போனதும் உயிரே போய்விட்டது போல.

காரை விட்டு இறங்கவில்லை. இறங்கி என்ன கேட்பது? கண்ணுக்குத் தெரிந்தது போதும்.

டிசம்பர் 3

புது ஆள் ஒருவன் பதினைந்து மூட்டை கொண்டுவந்தான். வாயைப் பிரித்துக் காட்டினான், கண்ணைப் பறிக்கிற சிவப்பு. குத்தூசியை எடுத்து மூட்டையின் நடுவயிற்றில் சொருகி இழுத்தேன். வெள்ளை வெளேரென்று சோடை. மேலே ஒரு முழத்துக்கு மட்டும் நல்ல வத்தல், உள்ளே பூராவும் நிறம் செத்தது. "தம்பி, வாய மட்டும் பாத்து வாங்குறவன் அடுத்த தெருவுல இருப்பான், போயித் தேடு" என்று அனுப்பினேன்.

முப்பது வருடத்தில் மூட்டை வாயை மட்டும் பார்த்து நான் ஒன்றும் எடுத்ததில்லை.

டிசம்பர் 4

கீழக்குளம் கருப்பையா மூன்று மூட்டை கொண்டுவந்தார். போன போகத்து வத்தல், வீட்டில் வைத்திருந்தது. பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன். ராசகனி, "ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

விசேஷம் ஒன்றுமில்லை.

டிசம்பர் 5

குழு கூடி முடிவெடுத்துவிட்டது.

ஞானசிகாமணி சார் வந்ததும் கேட்டார், "பாத்தீகளா அண்ணாச்சி?"

"பாத்தேன். சொல்ற மாதிரி இல்ல."

"எவ்வளவு நேரம் பாத்தீக?"

"பாக்க வேண்டிய நேரம் பாத்தேன்."

"ஆளுக எல்லாம் வந்திருந்தாகளா?"

"ரெண்டு பக்கமும் ஆளுக இருந்தாக. பந்து அவுக கால்ல நிக்கவே இல்ல. இருபது நிமிசத்துல நாலு கோலு வாங்குனான் கோல்கீப்பரு."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு ஆட்டத்துல அந்தக் கோல்கீப்பர் வாங்குனதே ரெண்டு கோல்தானே?"

"அது காளிராசு இருந்தப்ப. முன்னால பந்து நின்னுச்சு, பின்னால வேலை கொறைச்சலா இருந்துச்சு" என்றேன். சங்கரபாண்டி, "அண்ணாச்சி சொல்றது சரி" என்று வேகமாகத் தலையாட்டினான்.

இரண்டுக்கு ஒன்று. நாலாவது இடம் கலைமகுடத்துக்கு.

வெளியே வரும்போது சார் என் தோளில் கை வைத்து, "நான் நேர்ல போகல, நீங்க போனீக. அதனால ஒங்க வார்த்தைக்கு மேல பேச எனக்கு வாயில்ல" என்றார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

டிசம்பர் 6

கீழக்குளத்தின் உடற்கல்வி இயக்குநர் அமலோற்பவம் டீச்சரும் அணித் தலைவன் இருளப்பனும் கடைக்கு வந்தார்கள். டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும், கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. பையன் உள்ளே நுழையும்போது வாசல் தகரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். அந்தத் தகரம் ஆறடிக்கு மேலே இருக்கிறது. அவன்தான் அவர்களுடைய கோல்கீப்பர்.

"சண்டைக்கு வரல அண்ணாச்சி. தெரிஞ்சுக்க வந்தோம். நீங்க எங்க கிரவுண்டுக்கு என்னிக்கு வந்தீங்க?"

"சனிக்கிழமை."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்குக் காளிராசுக்கு ஆபரேஷன். ரத்தம் குடுக்க டீம் பூரா மதுரைக்குப் போயிட்டோம். ஒருத்தன்கூட ஊர்ல இல்ல. நீங்க பாத்தது ஹாஸ்டல் பசங்க. வாலிபால் கோர்ட்ல தண்ணி நின்னதால சும்மா இங்க வந்து ஒதைச்சிட்டிருந்தாங்க."

"அப்படியா?" என்றேன். ஆச்சரியப்பட்டேன்.

"கோல்ல நின்னது மெஸ் செக்ரட்டரிங்க. அதான் அந்தத் தொந்தி" என்றான் இருளப்பன். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது.

"ஒங்களக் குத்தம் சொல்லி என்ன செய்ய? வழில போறவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு போன் போட்டு, எங்க டீம் இன்னிக்கு இல்லன்னு குழுவுக்குச் சொல்லியிருக்கணும். நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியல" என்றார் டீச்சர். என்னைச் சமாதானப்படுத்தினார். வந்த இடத்தில், என்னை.

டீ வரவழைத்தேன். இருளப்பன் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னான், "எனக்கு இது கடைசி வருசம் அண்ணாச்சி. போலீஸ் டீம், ரயில்வே டீம்னு ஆள் எடுக்கிறவங்க இந்த எறுதிச் சுத்துக்கு மட்டுந்தான் வருவாங்க. மத்த எந்தக் கிரவுண்டுக்கும் அவங்க வர மாட்டாங்க. ஏதாச்சும் மாத்த முடியுமா?"

பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் 7

சங்கரபாண்டிக்குப் போன் செய்தேன். பேப்பரில் வந்துவிட்டது, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, இனிமேல் மாற்றினால் அசிங்கம் என்றான். சரி என்று வைத்துவிட்டேன். மொத்தம் ஒன்றரை நிமிடம் பேசியிருப்பேன். ஒரு லாரி வாடகைக்கு நான் இதைவிட அதிக நேரம் சண்டை போடுவேன்.

டிசம்பர் 9

கல்வெட்டு வாசகம் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார் நவநீதன். 'உழைப்பின் உருவம் சிவனணைந்தான் நினைவு மாடம்.' எழுத்துப்பிழை இல்லை.

டிசம்பர் 10

சாப்பாடு இறங்கவில்லை. ராசகனி ரசத்தை மட்டும் ஊற்றினாள். "நாலாம் தேதில இருந்து இப்படித்தான் இருக்கீக" என்றாள். ஐந்தாம் தேதியிலிருந்து என்று திருத்தினேன். "இல்ல, நாலு. கருப்பையா வந்துட்டுப் போன நாளு" என்றாள்.

டிசம்பர் 13

அரையிறுதி. கலைமகுடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. மூன்றாவது கோலுக்குப் பிறகு அவர்கள் கல்லூரிப் பையன்களே எழுந்து போனார்கள். பின்னாலிருந்து ஒருவன், "பொறுக்கி எடுத்த மகராசன் யாருப்பா?" என்று கத்தினான். சங்கரபாண்டி கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தான்.

எனக்குப் பக்கத்தில் ஞானசிகாமணி சார். ஆட்டம் முடிந்ததும், "கீழக்குளமும் அஞ்சு வாங்கியிருக்கலாம் அண்ணாச்சி. யாரு கண்டா? ஆனா அத வாங்கியிருக்க வேண்டியது அவனுகதானே" என்றார்.

போலீஸ் அணிக்கு ஆள் பார்க்க வந்தவர் மூன்றாவது வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தார். ஒரு கோல்கீப்பர் பெயரை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். ஐந்தடி எட்டங்குலம் இருப்பான் அந்தப் பையன்.

டிசம்பர் 15

இறுதி ஆட்டம், பரிசளிப்பு, மாடம் திறப்பு, எல்லாம் ஒரே மாலையில்.

திரையை விலக்கினேன். கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. கைதட்டினார்கள். ராசகனி முன்வரிசையில் இருந்தாள், தட்டவில்லை. கையில் பை இருந்தது என்று பிறகு சொன்னாள்.

கூட்டத்தின் கடைசியில் அமலோற்பவம் டீச்சர் தன் பையன்களைக் கூட்டிவந்து நின்றிருந்தார். ஆடத்தான் விடவில்லை, பார்க்கவாவது செய்யட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இருளப்பன் தலை மட்டும் எல்லோருக்கும் மேலே தெரிந்தது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துதான் போயிருந்தேன். சொன்னேன்:

"கீழக்குளம் கல்லூரி அணிக்கு இந்த வருசம் ஒரு அநியாயம் நடந்துபோச்சு. அதுக்குக் காரணம் நான். நான் போன அன்னிக்கு அவுக ஊர்ல இல்ல. வேற பையன்களப் பாத்துட்டு, அவுகதான் டீமுன்னு நெனச்சுட்டேன். தப்பாப் பாத்துட்டேன். மன்னிக்கணும்."

பிறகு கடைசியிலிருந்து ஒருவன் கைதட்டினான். இருளப்பன். அவன் தட்டியதும் அவன் கூட்டாளிகள் தட்டினார்கள், பிறகு மைதானம் முழுக்க. நவநீதன் எழுந்து சால்வை போர்த்தினார். "இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!" என்றார் மைக்கில்.

சால்வையோடு வீட்டுக்கு வந்தேன். ராசகனி அதை வாங்கி மடித்து, பீரோவில் வைக்காமல் என் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 16

இன்று கடைக்குப் போகவில்லை. காலையிலிருந்து இந்த நோட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 4 என்று போட்டு, விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். என் நோட்டில், எனக்கு மட்டும் தெரிய எழுதுகிற நோட்டில், பொய்.

நடந்தது இது. கருப்பையா மூட்டையை இறக்கிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழம எங்க ஊருக்கு வந்தீகளாம்ல அண்ணாச்சி. எம் மகன் பாத்திருக்கான், ஹாஸ்டல்ல இருக்கான்ல. நீங்க கார்லயே இருந்து பாத்தீகளாம். அவனுகளுக்கு ஒரே சிரிப்பு. டீம் பயலுக பூரா மதுரைக்கு ரத்தம் குடுக்கப் போயிட்டானுக, இவனுக சும்மா ஒதைச்சுக்கிட்டு இருந்திருக்கானுக. எம் மகனுக்குப் பந்து எது, பாறை எதுன்னு தெரியாது. அவன் ரெண்டு கோல் போட்டானாம்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போது மணி காலை பத்தரை. குழு கூடுவது மறுநாள் மாலை ஐந்துக்கு. இடையில் ஒன்றே கால் நாள் இருந்தது. கீழக்குளம் நாற்பது நிமிடத் தூரம். டீச்சர் நம்பர் போட்டி நோட்டீஸிலேயே இருக்கிறது. வண்டி வாசலில் நின்றது. நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களையும் எழுதிவிடுகிறேன். ஒன்று, காளிராசு இல்லாமல் அவர்கள் எப்படியும் மோசமாகத்தான் ஆடுவார்கள். இன்னொன்று, கருப்பையா பேச்சை நம்பி எப்படி ஒரு முடிவுக்கு வருவது. கருப்பையா இருபது வருடமாக எனக்குச் சரக்குக் கொண்டுவருகிறவர், ஒரு தடவை ஒரு சோடை வத்தல் அவர் மூட்டையில் இருந்ததில்லை. காரணம் அதுவல்ல. காரணம் அந்தக் கல். 'கம்பீரமான பேரு' என்று ஒரு படித்த மனிதர் சொன்னார். என் அப்பா பெயரைப் பற்றி அப்படி ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐந்தாம் தேதி குழுவில் நான் பேசியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய நேரம் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். கோல்கீப்பர் நாலு கோல் வாங்கினான். முதல் வரியைத் தவிர ஒன்றும் பொய்யில்லை. அப்படிப் பேசக் கற்றுக்கொள்ளத்தான் முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

நேற்று மேடையிலும் அதே வேலைதான். 'தப்பாப் பாத்துட்டேன்' என்றேன். மூட்டை வாயில் ஒரு முழத்துக்கு நல்ல வத்தல். அதற்குச் சால்வை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அப்பா மூட்டை சுமப்பதை நாற்பத்தைந்து வயதில் நிறுத்தினார் என்று எல்லோரிடமும் சொல்வேன். அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில் புது மேஸ்திரி வரிசையில் நின்ற ஆட்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பா இரண்டாவது மூட்டையில் தடுமாறினார். "இவருக்கு முதுகு போச்சு, நாளையில இருந்து வேண்டாம்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். மேஸ்திரி முந்தின நாள் வந்திருந்தாலும் மறுநாள் வந்திருந்தாலும் அவர் மூட்டையைத் தூக்கியிருப்பார். அதைச் சொல்ல மேஸ்திரியின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறக்கவில்லை. கூடப் போனவன் நான்.

அந்த மனிதருடைய பெயரைத்தான் நேற்றுத் திரை விலக்கித் திறந்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 18

டிசம்பர் 4, 5, 16, மூன்று தேதிப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரன் படித்துவிடுவானோ என்று முதலில் பயம், பிறகு படித்தால் படிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்று பிரதி. சங்கரபாண்டிக்கு ஒன்று, ஞானசிகாமணி சாருக்கு ஒன்று, அமலோற்பவம் டீச்சருக்கு ஒன்று. டீச்சருடையதில் 'இருளப்பனிடமும் காட்டவும்' என்று மேலே எழுதினேன்.

அனுப்பும் முன் ராசகனியிடம் கொடுத்தேன். வாசித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. "அந்த மேஸ்திரி கதைய எங்கிட்டகூட நீங்க சொன்னதில்ல" என்றாள். பிறகு சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

டிசம்பர் 20

சங்கரபாண்டி போனில் கத்தினான். "எதுக்கு அண்ணாச்சி எழுத்துல குடுக்கீக? அதான் மன்னிப்புக் கேட்டு முடிஞ்சுபோச்சே! ஊரே பாராட்டுச்சே!"

நவநீதனிடம் கல்லை எடுத்துவிடச் சொன்னேன். சுவரோடு பதித்தது, எடுத்தால் சுவர் பாழாகும் என்றார். சுவரை நான் கட்டித் தருகிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றார். ஐயா போய்விட்டது.

ஞானசிகாமணி சார் நேரில் வந்தார். ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "அடுத்த வருசத்துல இருந்து கோப்பை குடுக்கிறவரு குழுவுல இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி எழுதப்போறேன். ஏழும் ஜெயிச்ச டீம ஒரு பயலும் கழிக்கக் கூடாதுன்னு இன்னொண்ணு. ஒங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"இல்ல சார்."

"இருந்தாலும் எழுதுவேன்" என்றார். டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

போலீஸ் அணிக்கு ஆள் எடுத்தவரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். கோல்கீப்பர் இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் அந்தப் பையன் ஆடினால் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் அவன் கல்லூரியில் இருக்க மாட்டான் என்றேன். அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

டீச்சரிடமிருந்து பதில் இல்லை.

டிசம்பர் 22

டீச்சரிடமிருந்து கைபேசியில் ஒரு வரி: 'ஞாயிறு மாலை 4 மணிக்குக் கோவில்பட்டி டீமோடு ஆட்டம். எங்கள் மைதானம்.' வாருங்கள் என்று இல்லை, வராதீர்கள் என்றும் இல்லை.

டிசம்பர் 24

போனேன். காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். உட்கார அங்கே ஒன்றும் இல்லை. கோட்டுக்கு வெளியே ஒரு செங்கல் குவியல், அதன்மேல் உட்கார்ந்தேன். காளிராசு கால்கட்டோடு எதிர்ப்பக்கம் நாற்காலியில் இருந்தான், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். டீச்சர் என்னைப் பார்த்தார், தலையசைத்தார், ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

கீழக்குளம் ஒரு கோலில் வென்றது. பிரமாதமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், முன்னால் காளிராசு இல்லாத குறை தெரியத்தான் செய்தது. கலைமகுடத்தைவிடப் பத்து மடங்கு நல்ல ஆட்டம் என்று மட்டும் சொல்வேன். இருளப்பனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. ஒரு பந்து வலது மூலைக்கு மேலே போனது, போயே விட்டது என்று நான் எழுந்துவிட்டேன். அவன் எங்கிருந்தோ வந்து விரல் நுனியால் தள்ளினான். கீழே விழுந்து எழுந்தவன் முழங்கையில் ரத்தம். அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நின்றான்.

முடிந்ததும் என்னிடம் வந்தான். கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வாசிச்சேன் அண்ணாச்சி" என்றான். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு மேடையில நீங்க பேசினப்ப நாந்தான் மொதல்ல கைதட்டுனேன். ரெண்டு நாளா அத நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு."

"நீ ஏன்பா வெக்கப்படணும்?"

தரையைப் பார்த்துக்கொண்டே, "நாலாந்தேதி ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா, அஞ்சாந்தேதி காலையில பதினோரு பேரும் பஸ் ஏறி வந்து ஒங்க கடை வாசல்லயே ஆடிக் காட்டியிருப்போம்" என்றான்.

டீச்சர் கூப்பிட்டார். போய்விட்டான்.

செங்கல் குவியலில் மறுபடி உட்கார்ந்தேன். பையன்கள் வலையை அவிழ்த்து, மடித்து, சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போகும்வரை உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறு நிமிடமும், அதற்குமேல் அரைமணி நேரமும்.